குலதெய்வ மரியாதை: சேலத்துப் பேட்டைகளில் கற்றவை

வருவாய்த் துறையில் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற நான், பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சேலம் நகரத்திலும் சில ஆண்டுகளை ஏற்காட்டிலும் கழித்தேன். ஆடி மாதம் நெருங்கும்போது விழாக் குழுவினரையும் ஜமாஅத்தாரையும் காவல் துறையினரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்து நடத்தப்படும் அமைதிக் குழுக் கூட்டங்களில், நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவனாக ஓரத்தில் இருந்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் பேட்டை மாரியம்மன் கோயில் விழாக் குழுவில் சேர்ந்ததால் அதே மேசையின் மறுபக்கத்தில் உட்காரவும் நேர்ந்தது. இந்து சமயம் பிற சமயங்களோடு எவ்வாறு சேர்ந்து வாழ்கிறது என்று மேடைகளில் பேசப்படுவதையும், அது தெருவில் எவ்வாறு நடக்கிறது என்பதையும் இரு பக்கமிருந்தும் பார்த்தவன் என்ற முறையில், விழாப் பொறுப்புக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை எழுதுகிறேன்.

சேலத்தில் இந்தக் கேள்வியை ஒத்திப்போட்டுவிட்டு யாரும் விழா நடத்த முடியாது. கோட்டைப் பகுதியில் திருமணிமுத்தாற்றை ஒட்டிக் கோட்டை மாரியம்மன் கோயில் இருக்கிறது. நடந்து போகும் தொலைவில் அழகிரிநாதர் பெருமாள் கோயிலும், திப்பு சுல்தான் தொழுத இடமென்று சொல்லப்படும் ஜாமியா பள்ளிவாசலும் இருக்கின்றன. அருணகிரிநாதர் பாடிய சுகவனேசுவரர் கோயிலும் அருகிலேயே உள்ளது. அரிசிப்பாளையத்தில் 1930இல் அமைந்த கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலான குழந்தை இயேசு பேராலயமும், நகரில் வேறோரிடத்தில் கட்டடக் கலைஞர் சிசோம் வடிவமைத்து 1875இல் திறக்கப்பட்ட கிறிஸ்து ஆலயமும் உள்ளன. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டினால் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, அன்னதானப்பட்டி என்று மற்றப் பேட்டைகளின் அம்மன்களுக்கும் அதே நாட்களில் விழா நடப்பதால், கம்பம் நடுவது தொடங்கிக் குகையின் வண்டி வேடிக்கை என்னும் அலங்கார வண்டி ஊர்வலம் வரை ஊர்வலம் போகாத தெருவே இந்நகரத்தில் இராது. அந்தத் தெருக்களில்தான் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் இருக்கின்றன.

அமைதிக் குழுக் கூட்டங்களில் எவர் பேசினாலும் முதலில் வருவது "எம்மதமும் சம்மதம்" என்பதுதான். அடுத்து, உண்மை ஒன்றே, அறிஞர்கள் அதைப் பலவாறு அழைக்கிறார்கள் என்னும் வேத வாக்கு வரும். அந்த வாக்கின் ஆழத்தில் எனக்கு ஐயமில்லை. நான் அன்றாடம் திருநீறு பூசுகிறவன். ஆனால் அதைக் கேட்கும்போது எதிரில் அமர்ந்திருந்தவர்களின் முகங்களில் எந்த மலர்ச்சியும் ஏற்பட்டதாக நான் கண்டதில்லை. பல ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகி), கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது காரணத்தைச் சொன்னார்: "சார், எல்லாச் சாமியும் ஒண்ணுன்னு எல்லாரும் மேடையில சொல்றீங்க, மரியாதைக்காக நாங்களும் தலையாட்டுறோம். அல்லாவைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லைங்கறதுதானுங்க எங்க கலிமா. ஒண்ணுன்னு சொல்லாட்டிப் பரவாயில்லீங்க, பக்கத்து வீடுன்னு நெனச்சாப் போதும்."

பாய் சொன்னதைப் பின்னர் நெடுநாள் யோசித்தேன். எல்லாம் ஒன்று என்பது நமக்கு விரிந்த மனத்தின் அடையாளமாகத் தோன்றுகிறது; ஆனால் தன் இறைவனுக்கு இணை இல்லை என்று நம்புகிற ஒருவருக்கு, அவருடைய நம்பிக்கையை அவரிடம் கேட்காமலே நம்முடைய கணக்கில் வரவு வைத்துக்கொள்வதாகவே அது படுகிறது. அதைக் காட்டிலும் பொருத்தமான ஒரு வழக்கம் நம்மிடமே இருக்கிறது. அது தத்துவத்தில் இல்லை. குலதெய்வ வழிபாட்டில் இருக்கிறது. சேலத்துச் சுற்றுவட்டாரத்தில் ஒரு குலத்தாரின் முனியப்பனுக்கோ அங்காளம்மனுக்கோ நடக்கும் படையலுக்குப் பங்காளிகளல்லாத நாம் அழைப்பின் பேரில் போகிறோம். எல்லைக்கு வெளியே செருப்பைக் கழற்றுகிறோம், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறோம், கும்பிடுகிறோம். சில முனியப்பன் கோயில்களில் வெட்டிய கிடாவின் கறியை எல்லைக்குள்ளேயே சமைத்து உண்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. சில இடங்களில் பங்காளிகளுக்கு மட்டுமே பங்கு உண்டு. இவற்றையெல்லாம் எவரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. உன் தெய்வமும் என் தெய்வமும் ஒன்றுதானே, எனக்கு ஏன் பங்கில்லை என்று கேட்பவனை ஊர் பைத்தியக்காரன் என்று சொல்லும். இந்த மரியாதையைப் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் நீட்டிக்க எவரும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை என்பதுதான் நான் கண்டது.

இந்த மரியாதை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு ஊரைத் தேட வேண்டியதில்லை. இந்து ஊர்வலங்கள் செல்லும் தடத்தில் பள்ளிவாசல் கட்டப்பட்டதைச் சுற்றி எழுந்த பூசல், 1882இல் சேலத்தில் பெருங்கலவரமாக முடிந்தது. பின்னாளில் 1920ஆம் ஆண்டு நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்த சேலம் விஜயராகவாச்சாரியார், அந்தக் கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். அவருடைய பெயரைப் பெருமையோடு சொல்கிறவர்களில் பலருக்கு அந்த வழக்கின் வேர் ஓர் ஊர்வலப் பாதை என்பது தெரிவதில்லை. பொதுத் தெருவில் வாத்தியங்களோடு ஊர்வலம் போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் அது நிர்வாகத்தின் ஒழுங்குபடுத்தலுக்கும் பிறர் உரிமைக்கும் உட்பட்டது என்று 1920களில், அக்காலத்தில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு வழக்கில் உறுதி செய்தது. இன்றும் அமைதிக் குழுவின் பேச்சுவார்த்தைகள் இந்த இரண்டு பாதிகளுக்கும் இடையில்தான் நடக்கின்றன. ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் மேற்கோள் காட்டும்.

இனி நடைமுறை. எங்கள் பேட்டையில் சக்தி அழைப்பின்போது கரகம் செல்லும் வழியில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. மாலை நேரத் தொழுகையும் கரகம் அவ்விடத்தைக் கடப்பதும் ஏறத்தாழ ஒரே பொழுதில் வரும். அப்போது பம்பையை நிறுத்த வேண்டும் என்று நடவடிக்கைக் குறிப்பில் ஆண்டுதோறும் எழுதினோம். ஆண்டுதோறும் அங்கே வாக்குவாதம் எழுந்தது. காரணம் பிடிவாதமன்று. பம்பையும் உடுக்கையும் ஒலிக்க ஒலிக்கத்தான் கரகம் தூக்குபவருக்கு அருள் வரும். அருள் வந்து ஆடுகிறவரின் முன்னால் ஒரு காவலர் கையை உயர்த்தி நிறுத்து என்றால், கூட்டம் அதை அம்மனைத் தடுத்ததாகவே பார்க்கும். மறுபுறம், தொழுகையில் நிற்பவர்களின் காதில் பம்பை விழும்போது அவர்கள் அதைச் சீண்டலாகவே கொள்வார்கள். இருவரும் தத்தம் அளவில் சரி.

தீர்வைச் சொன்னவர் எங்கள் பூசாரி. கரகம் வரும் வழியில் வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தில் மஞ்சள் நீர் கொண்டுவந்து கரகம் தூக்குபவரின் காலில் ஊற்றித் தீபாராதனை காட்டுவார்கள். பள்ளிவாசலுக்கு ஒரு தெரு முன்னதாக இருக்கும் இரண்டு வீடுகளில் இந்த உபசாரத்தை விரிவாக்கி, கரகத்தை இறக்கி வைத்துப் பூ மாற்றி, ஆடியவருக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து அமரவைக்கலாம் என்றார் அவர். அந்த நேரத்தில் பம்பைக்காரர்களும் இயல்பாக ஓய்வெடுப்பார்கள். தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கியதும் கரகம் மறுபடி எழும்பும். எவரும் எவரையும் நிறுத்தவில்லை. நிறுத்தம் என்ற சொல்லே குறிப்பேட்டிலிருந்து போய்விட்டது. ஜமாஅத்தாரும் தங்கள் பங்குக்கு, தொழ வருபவர்களின் இருசக்கர வண்டிகளைத் தெருவில் நிறுத்தவிடாமல் உட்புறத் திடலுக்கு மாற்றிக் கரகத்துக்கு வழி அகலமாக்கிக் கொடுத்தார்கள். இதிலிருந்து நான் பெற்ற பாடம்: இடைவெளி தேவைப்பட்டால் அதைச் சடங்கின் உள்ளிருந்தே எடுக்க வேண்டும்; வெளியிலிருந்து திணித்தால் அது அந்த ஒரு நாள்கூடத் தாங்காது. இதற்குக் கலந்தாலோசிக்க வேண்டியவர்கள் அறங்காவலர்களும் கட்சிப் பிரமுகர்களுமல்லர். பூசாரியும், பம்பைக்காரரும், பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் மோதினாரும்தான். அமைதிக் குழுவுக்கு இவர்கள் அழைக்கப்படுவதே அரிது என்பதை இங்கே வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. மக்ரிப் தொழுகை சூரியன் மறைவதைச் சார்ந்தது. ஆடியில் சேலத்தில் அது ஏறத்தாழ மாலை 6.40 அளவில் வந்து, மாதம் போகப் போகச் சில நிமிடங்கள் முன்னே நகரும். எனவே சென்ற ஆண்டுக் குறிப்பைப் பார்த்துப் படி எடுக்காமல், அந்தந்த ஆண்டுக்கான தொழுகை அட்டவணையைப் பள்ளிவாசலிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆ என்னும் கூட்டுத் தொழுகை உண்டு. ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றுவதும் அதே பொழுதில்தான். கூழ் வாங்க வரும் வரிசையும் தொழுகைக்கு வரும் கூட்டமும் குறுகிய தெருவில் முட்டிக்கொள்ளாமல் இருக்க, கூழை முற்பகல் 11 மணிக்கு முன்பே முடித்துவிடுவது எளிது. அம்மனுக்கு அதில் எந்தக் குறையும் வருவதில்லை.

இசுலாமிய ஆண்டு நம் சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. ஆகையால் அவர்களுடைய நாட்கள் நம் ஆடிக்குள் வந்து சில ஆண்டுகள் தங்கி வெளியேறும். 2013இல் ஆடியின் பெரும்பகுதி ரமலான் நோன்புக்குள் அடங்கியது. பெருநாள் ஆகஸ்ட் 9ஆம் நாள் வந்தது. அந்தச் சில ஆண்டுகளில் நோன்பு திறக்கும் வேளைதான் எங்களுக்குப் பெருஞ்சோதனையாக இருந்தது. பகல் முழுவதும் தண்ணீர்கூட அருந்தாதவர்கள் கஞ்சிக் கிண்ணத்தோடு அமரும் கால் மணி நேரத்துக்கு ஒலிபெருக்கியை அணைப்பதற்கு, எங்கள் இளைஞர்களே அலங்காரப் பந்தலில் முறை வைத்து நின்றார்கள். அதன் பிறகு பாய் வீட்டிலிருந்து தூக்குவாளியில் எனக்கு வந்த நோன்புக் கஞ்சி, கறி சேர்க்காமல் தனியாகக் காய்ச்சப்பட்டதாக இருந்தது.

உணவைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்வதே நல்லது. இறைவனல்லாத ஒன்றுக்குப் படைத்ததை உண்ணக் கூடாது என்பது முஸ்லிம்களின் மார்க்க விதி. கிறிஸ்தவர்களிலும் பலர் அவ்வாறே கருதுவார்கள். நம்மவர்களோ பிரசாதத்தை மறுப்பதை அம்மனை மறுப்பதாக எண்ணி மனம் நோவார்கள். பிரசாதத் தட்டை நீட்டிவிட்டு வாங்குகிறாரா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு வகையான சோதனை, அதைச் செய்யாதீர்கள். அண்டை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டியதைப் படையலுக்கு முன்பே தனியாக எடுத்து வைத்து, "இது படைக்காதது" என்று சொல்லிக் கொடுத்தால் அவரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். என் மனைவி ஆண்டுதோறும் இனிப்பையும் முறுக்கையும் அப்படித்தான் கொடுத்தனுப்புகிறாள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தலைக்கட்டு வரி இந்தக் கோயிலுக்குக் கட்டுப்பட்ட குடும்பங்களுக்கு உரியது. பேட்டையில் கடை வைத்திருக்கிறார் என்பதற்காகப் பிற சமயத்தவரிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்டக் கூடாது. அவர்களாக விரும்பி மோர்ப் பந்தலுக்கோ விளக்குகளுக்கோ கொடுத்தால், அந்தச் செலவுக்கென்றே எழுதி வாங்குங்கள்; பூசைச் செலவில் சேர்க்காதீர்கள்.

கிறிஸ்தவர்கள் விஷயத்தில் வேறொரு கவனம் வேண்டும். ஏற்காட்டில் பணிபுரிந்தபோதுதான் எனக்கு இது விளங்கியது. 1820களில் ஆட்சியர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்ட பிறகு தோட்ட வேலைக்குச் சமவெளியிலிருந்து போன குடும்பங்கள், தத்தம் மாரியம்மனையும் மாதாவையும் கூடவே கொண்டுபோயின. லூர்து மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களில் நெற்றியில் குங்குமம் வைத்த பெண்கள் எப்போதும் இருப்பார்கள். கத்தோலிக்கத் திருவிழாவில் கொடியேற்றம், தேர்ப்பவனி, மொட்டை, உப்பும் மிளகும் காணிக்கை என்று நமக்குப் பழக்கமானவையே நிறைந்திருக்கும். இதற்கு நெடிய வரலாறு உண்டு: காவி உடுத்துப் புலால் நீக்கித் தத்துவ போதகர் என்று அறியப்பட்ட இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி, மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தது 1623இல். கிறிஸ்தவரானவர்கள் குடுமியும் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்று ரோமில் போப்பாண்டவர் இசைவளித்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் வடிவம் ஒத்திருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாக் கிறிஸ்தவர்களையும் ஒரே கணக்கில் எழுதினால் தவறிவிடுவோம். 1853இல் ஏற்காட்டில் எழுந்த தூய திரித்துவ ஆலயத்தின் மரபில் வந்த சீர்திருத்த சபையினருக்குச் சுரூபமும் சப்பரமும் கிடையா; பெந்தெகொஸ்தே சபையினர் பலர் பொங்கல் பானையில்கூடக் கை வைக்க மாட்டார்கள். அதனால் எங்கள் பேட்டையில் அழைப்பிதழ் கொடுக்கும்போது, யாரை எந்த நிகழ்ச்சிக்கு அழைப்பது என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்கிறோம். சிலர் கரகத்தின்போது வாசலில் நிற்பார்கள்; சிலர் மருத்துவ முகாமுக்கு மட்டும் வருவார்கள்.

அதே ஏற்காட்டில், 5,300 அடிக்கு மேல் உயரமுள்ள சேர்வராயன் மலையுச்சிக் குகைக் கோயிலில் மே மாத விழாவுக்குப் பாதுகாப்புப் பணியில் நின்றபோது, நம் சமயத்துக்குள்ளேயே இந்த மரியாதை எவ்வளவு தேவைப்படுகிறது என்பதைப் பார்த்தேன். சேர்வராயனும் காவேரி அம்மனும் மலையாளிப் பழங்குடியினரின் தெய்வங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவன் சேர்வராயன் மலையிலும், மற்றவர்கள் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அவர்கள் சொல்லும் தோற்றக் கதை. கீழிருந்து வரும் பக்தர்களில் சிலர், இங்கே ஏன் ஆகம முறைப்படி பூசை இல்லை, ஒரு குருக்களை வைத்தால் என்ன என்று யோசனை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குனிந்து நுழைய வேண்டிய அந்தக் குகையில் நாம் விருந்தினர். யோசனை சொல்லும் இடத்தில் இல்லை.

இந்த இடத்தில், கசப்பானாலும் பேச வேண்டிய ஒன்று உண்டு. எதையும் ஏற்றுக்கொள்ளும் நம் குணத்துக்கு, எதையும் உட்கொண்டுவிடும் ஒரு பக்கமும் இருக்கிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று நெடுங்காலமாக வழிபடப்பட்ட சிலை புத்தருடையது என்று கோரி 2011இல் வழக்குத் தொடரப்பட்டது. தொல்லியல் வல்லுநர்கள் ஆய்ந்து, தாமரைப் பீடத்தில் தியான முத்திரையோடு அமர்ந்த புத்தரின் உருவமே அது என்றும், உடலிலிருந்து பிரிந்துபோன தலை பிற்காலத்தில் சிமெண்டு கொண்டு ஒட்டப்பட்டது என்றும் அறிக்கை அளித்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விடத்தைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் விடுமாறும், அது புத்தர் சிலை என்று பலகை வைக்குமாறும், பொதுமக்கள் பார்க்கலாம் ஆனால் பூசை கூடாது என்றும் ஆணையிட்டது. அங்கே வேண்டுதல் வைத்துப் பழகியவர்களின் வருத்தத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அவர்கள் எவருக்கும் தீங்கு நினைத்தவர்களல்லர். எனினும் தீர்ப்பு சரியென்றே கருதுகிறேன். நம் அன்பைச் செலுத்துவதற்காக மற்றவருடைய ஆசானுக்கு வேறு பெயரும் வேறு வேலையும் கொடுத்துவிட்டு, அதைச் சகிப்புத்தன்மை என்று பாராட்டிக்கொள்ள முடியாது. இதே மாவட்டத்தில் ஆத்தூருக்குக் கிழக்கே தியாகனூரில் ஊர் மக்கள் புத்தரைப் புத்தர் என்றே அறிந்து விளக்கேற்றுகிறார்கள். வெளியூர் நண்பர்கள் வந்தால் நான் அங்கேதான் அழைத்துப் போகிறேன்.

இளைஞர்களைப் பற்றி ஒரு குறிப்பு. இப்போதெல்லாம் பூசல் தெருவில் தொடங்குவதில்லை. வாட்ஸ்அப்பில் தொடங்கித்தான் தெருவுக்கு வருகிறது. வேறு ஊரில் என்றோ எடுத்த காட்சி, எங்கள் ஊர்வலத்தில் இன்று நடந்ததாகப் பரவும். விழா நாட்களில் எங்கள் குழுவில் ஒருவரும் ஜமாஅத்தில் ஒருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் வைத்திருந்து, எந்தக் காட்சி வந்தாலும் முதலில் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பது என்று வைத்துக்கொண்டோம். இதற்குப் பெரியவர்கள் பயன்படமாட்டார்கள். நள்ளிரவிலும் கைப்பேசியைப் பார்க்கும் வயதினர் வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அனுமதி பெற்ற நாட்களில் நள்ளிரவு வரை நீட்டிப்பு உண்டு. அந்த அனுமதித் தாளின் நகலை முன்னதாகவே பள்ளிவாசலுக்கும் அனுப்பிவிட்டால், காவல் நிலையத்துக்குப் போகும் புகார்களில் பாதி குறையும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது நாள்காட்டி. 2027இல் மீலாது நபி ஆகஸ்ட் நடுவிலும், 2028இல் ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஆடிப்பெருக்கை ஒட்டியும் வருகிறது. பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். கோட்டை மாரியம்மன் பொங்கலும் ஏறத்தாழ அந்த வாரத்தில்தான் வரும். ஆகவே 2028இல் இரு தரப்பு ஊர்வலங்களும் ஒரே தெருக்களைக் கேட்கும். எங்கள் குழுவில் தெரு வரைபடத்தை எடுத்து வைத்துவிட்டோம். பூசாரியும் மோதினாரும் முதலில் உட்காரட்டும், அதிகாரிகளுக்கு விண்ணப்பம் அதன் பிறகு எழுதலாம் என்பது இப்போதைய முடிவு.